இரண்டு 'டெக்ஸாஸ்' கப்பல்கள்

மாரி காலத்தில் முற்றத்தில் வெள்ளம் நின்றால் காகிதக் கப்பல் செய்து விடாத பிள்ளை நம்மில் எவரும் இரார். அக்கப்பல் நனைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல அமிழும்போது மனம் சற்றுக் கனக்கும். மறுகணமே அடுத்த தாளைக் கிழிப்போம். அந்த விளையாட்டை அறுபது வயது கடந்த பின்னரும் கைவிடாது, அதற்கென விதிகளும் கணக்குகளும் வகுத்து, உலோகக் குண்டுகளாற் சுட்டு ஒருவர் கப்பலை ஒருவர் மூழ்கடித்து விளையாடும் மனிதர்கள் உளர் என்று எவரேனும் முன்னர் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில், அதனைக் கண்ணாரக் கண்டோம்.

ஹியூஸ்டன் நகரில் வாழும் எமது தங்கையின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். டெக்ஸாஸ் என்றதும் மாட்டு மந்தையும் எண்ணெய்க் கிணறும் குதிரை வீரருமே எம் நினைவில் எழுவது வழக்கம். அவற்றைக் காணும் ஆவலுடனேயே போயிருந்தோம். ஆனால் போன இரண்டாம் நாட் காலையில், வேலிக்கு அப்பால், அயல்வீட்டுக் கார்க் கொட்டகையின் கதவு திறந்திருக்க, உள்ளே மேசைமீது நான்கடி நீளமான போர்க்கப்பலொன்று கவிழ்ந்த நிலையிற் கிடந்தது. அதன் அருகில் வெண்தலை முதியவர் ஒருவர் கையிற் சிறு வாளுடன் நின்றார். வெட்டுவதா விடுவதா என்று தடுமாறுபவர் போல அவர் நின்ற நிலை எம்மை ஈர்த்தது. பதின்மூன்று வயதுள்ள அவருடைய பேர்த்தி, "வெட்டுங்கள் தாத்தா, கோடு போட்டுத் தந்திருக்கிறேனே" என்று அவரைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

எம்மைக் கண்டதும் முதியவர் சிரித்தார். "ஐயா, கப்பலின் ஓட்டையை அடைத்தே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். இப்போது இந்தப் பிள்ளை, நல்ல கப்பலில் ஓட்டை வெட்டச் சொல்கிறாள்" என்றார்.

கொட்டகையில் ஒரு துறைமுகம்

அவர் கால்வெஸ்டன் துறைமுகத்திலே கப்பற் பட்டறையொன்றில் இரும்புத் தகடுகளை ஒட்டும் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவர். மேசைமீது இருந்தது அவர் கட்டும் முதற் போர்க்கப்பல். பெயர் 'டெக்ஸாஸ்'. 1914ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்து, இரண்டு உலகப் போர்களிலும் ஈடுபட்ட அதே பெயருடைய பெருங்கப்பலின் உருவம் அது.

இவ்விளையாட்டு 1970களின் இறுதியில் இதே டெக்ஸாஸ் மாநிலத்திலேதான் உருப்பெற்றது. வானொலி அலையாற் படகை இயக்கும் வித்தை அதற்கும் மிகப் பழையது. நிக்கொலா தெஸ்லா என்னும் விஞ்ஞானி 1898ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரில் அதனைப் பலரறியச் செய்து காட்டினார். போர் விளையாட்டிலும் மூத்தது ஒன்றுண்டு. இங்கிலாந்தின் ஸ்காபரோ நகரப் பூங்கா ஏரியில், 1927ஆம் ஆண்டு முதலாகச் சிறு போர்க்கப்பல்களுக்குள் ஆட்கள் மறைந்திருந்து செலுத்திக் கடற்போர் நடத்திக் காட்டுகின்றனர். ஆனால் அங்கே வெல்பவர் யார் என்பது முன்னரே முடிவானது. டெக்ஸாஸ் குளத்திலோ அது யாருக்கும் தெரியாது.

அளவு விடயத்தில் இவர்கள் காட்டும் கண்டிப்பு வியக்கத்தக்கது. எக்கப்பலாயினும் 144இல் ஒரு பங்காகவே கட்டப்படவேண்டும். அதாவது பன்னிரண்டு அடிக்கு ஓர் அங்குலம். மூலக் கப்பலின் நீளம் 573 அடி; ஆகவே மேசைக் கப்பலின் நீளம் நான்கடிக்குக் கால் அங்குலம் குறைவு. அகலம் 95 அடி. இங்கே எட்டு அங்குலம். இதுவரை கணக்கு இலகுவானதே. நிறையைக் கேட்டபோதுதான் நாம் திகைத்தோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 144 பங்காகச் சுருங்குவதால் நிறை 144ஐ மும்முறை பெருக்கிய தொகையால், அதாவது ஏறக்குறைய முப்பது இலட்சத்தால், வகுபடுகின்றது. 27,000 தொன் கப்பல் இருபது இறாத்தலாகிவிடுகின்றது!

"அந்த இருபது இறாத்தலுக்குள் எல்லாம் அடங்கவேண்டும்" என்று பேர்த்தி தன் கொப்பியை விரித்தாள். பற்றரி, மோட்டார், சுக்கானைத் திருப்பும் சிறு பொறி, பீரங்கி, கரியமில வாயு நிரப்பிய குப்பி, நீரிறைக்கும் பம்பு என ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதியிருந்தாள். நிறை மிஞ்சினாற் கப்பல் நீருள் ஆழ்ந்து கிடக்கும். பாரம் மேலே ஏறினால் திரும்பும்போது கவிழும். ஆதலால் பற்றரி அடித்தளத்திற் கிடக்க, மேற்றட்டுக் கோபுரங்கள் பாரமற்ற மரத்தாலும் பிளாஸ்ரிக்காலும் அமைந்தன. முதன்முறை கட்டுவோர் சிறிய கப்பலே இலகு என எண்ணி ஏமாறுவதுண்டாம். சிறிய கப்பலுக்கும் இதே பொறிகள் யாவும் வேண்டும். அவற்றைத் தாங்கும் மிதப்போ அதற்கு இல்லை.

பத்துப் பீரங்கிகளுள் இரண்டு மாத்திரமே உண்மையிற் சுடுபவை. சோடாவுக்குள் அடைக்கும் அதே கரியமில வாயு, ஒரு திறப்பு வழியாகத் திடீரெனப் பாய்ந்து, உளுந்து அளவான உருண்டைக் குண்டை வெளியே தள்ளுகின்றது. குண்டின் விட்டம் நாலரை மில்லிமீற்றர். இந்தக் குண்டு தைக்கவேண்டுமே என்பதற்காகத்தான் முதியவரின் கையில் அந்த வாள்.

கண்ணாடி நாரும் பசையும் சேர்ந்து இறுகிய உடல் குண்டைத் திருப்பி எறிந்துவிடும். எனவே உடலின் இரு பக்கத்திலும், மேற்றட்டு விளிம்பிலிருந்து நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை, வரிசையாகச் சாளரங்கள் வெட்டப்படுகின்றன. இடையே விலா எலும்பு போன்ற மெல்லிய சட்டங்கள் மாத்திரம் எஞ்சும். அச்சாளரங்களை மூட ஒட்டுவது பல்சா மரத்தின் மெல்லிய தகடு; அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கனம். எமது முருங்கைக் கட்டையிலும் மென்மையான மரம் அது; விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். எதிரியின் குண்டு உள்ளே புகுவதற்கென்றே கப்பலின் மேனி அமைக்கப்படுகின்றது.

அன்று மாலை முதற் சாளரம் வெட்டப்பட்டது. நான்கு நாளில் இரு பக்கமும் முடிந்து, பல்சாத் தகடு ஒட்டி, மெல்லிய தாளும் பூச்சும் ஏற்றி, சாம்பல் வர்ணமும் தீட்டியாயிற்று. குளியலறைத் தொட்டியில் முதன்முதல் மிதக்கவிட்டபோது கப்பல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தது. பேர்த்தி ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக இடப்பக்கம் வைத்து அதனை நிமிர்த்தினாள். அடித்தளத்தில் மரக்கட்டைகளை நிரப்பி, உட்புகும் நீர் நடுவிலுள்ள ஓடை வழியே பம்பின் வாய்க்கு ஓடிவரச் செய்திருந்தார்கள்.

"பம்பின் வாய்க்கு வலை போடவேண்டும் என்று கழகத்துக்காரர் சொன்னார்களே, தாத்தா?" என்று அவள் கேட்டாள்.

"போடலாம், போடலாம். என் கப்பலுக்குள் அவ்வளவு நீர் வரப்போவதில்லை" என்றார் முதியவர்.

வெறுமையான துறையும் பெரிய கப்பலும்

மறுவாரம் அவர் தமது வாகனத்தில் எம்மை ஏற்றிக்கொண்டு மூலக் கப்பலைக் காட்டப் புறப்பட்டார். முதலிற் போனது சான் ஜசிந்தோ வெளிக்கு. 1836ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி டெக்ஸாஸ் மக்கள் மெக்சிக்கோப் படையை வென்று தனிநாடு கண்ட களம் அது. 567 அடி உயரமான நினைவுத் தூபி வானளாவி நிற்கின்றது. சுற்றிலும் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகள். இடையே கப்பற் கால்வாய். அதன் கரையில், கப்பலின் நீளத்துக்கு வெட்டிய துறையொன்று வெறுமையாகக் கிடந்தது. 1948ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 21ஆந் திகதி டெக்ஸாஸ் மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்ட கப்பல், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேதான் நின்றது. கலங்கிய நீரில் ஒரு நாரை மாத்திரம் நின்றது.

அங்கிருந்து தெற்கே கால்வெஸ்டன் தீவுக்கு விரைந்தோம். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறியபோது, எதிர்க்கரையிலுள்ள உலர்துறையில், நீரைவிட்டு முழுவதும் உயர்த்தப்பட்ட நிலையில் அக்கப்பல் தோன்றியது. நீருக்குள் மறைந்திருக்கும் வயிறும் வெளியே தெரிய அதனைக் கண்டபோது, திமிங்கிலமொன்றைத் தரையிற் கண்டது போன்ற மலைப்பு எமக்கு உண்டாயிற்று.

அதன் சரித்திரமும் மலைப்பானதே. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் நேசப் படைகள் இறங்கியபோது, பதினான்கு அங்குலப் பீரங்கிகளால் அவற்றுக்குத் துணை நின்றது இக்கப்பல். ஒன்பது நாட்களின் பின்னர், படை உள்நாட்டுக்கு முன்னேறிவிட, பீரங்கிகளை எவ்வளவு உயர்த்தியும் குண்டு போய் எட்டவில்லை. கப்பலதிகாரிகள் ஓர் உபாயம் செய்தனர். கடலை நோக்கிய பக்கத்து வெளி அறைகளுள் வேண்டுமென்றே நீரைப் புகுத்தி, கப்பலை இரண்டு பாகை சாய்த்தார்கள். பீரங்கி வாய் உயர்ந்தது. குண்டும் போய் எட்டியது. அதே மாதம் 25ஆந் திகதி ஷெர்பூர்க் துறைமுகத்துக்கு எதிரே எதிரியின் குண்டொன்று தாக்கிச் சுக்கான் பிடித்தவர் உயிர் துறந்தார். நெடிய போர் வாழ்வில் எதிரியின் தாக்குதலால் அக்கப்பலில் இறந்தவர் அவர் ஒருவரே.

எதிரியின் குண்டாற் சாகாத கப்பலைத் துரு தின்றது. 1988ஆம் ஆண்டின் இறுதியிற் கால்வெஸ்டனுக்கு இழுத்து வரப்பட்டுத் தகடுகள் மாற்றப்பட்டு, 1990இல் மீண்டது. அப்போது இளைஞராயிருந்த எமது முதியவரும் அத்தகடுகளை ஒட்டியவர்களுள் ஒருவர். "அந்த இடம்" என்று கப்பலின் முன்வயிற்றைச் சுட்டிக் காட்டினார். குரலிற் பெருமிதம் தொனித்தது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் ஒழுக்கு. 2017இல் ஒரு பக்கம் சாயுமளவுக்கு நீர் புகுந்தது. பம்புகள் இடைவிடாது இறைத்தே அதனைக் காத்தன. ஈற்றில், 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆந் திகதி, இழுவைக் கப்பல்கள் அதனை மறுபடி இங்கே கொணர்ந்தன.

"நல்ல இரும்பு, நல்ல ஒட்டு. அவை இருந்தால் நீர் வராது" என்று முதியவர் படகில் இருந்தபடி சொன்னார். நாம் தலையசைத்தோம்.

குளத்துக் கரையில்

ஞாயிறு காலை, நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பண்ணையொன்றின் குளத்தை அடைந்தோம். மாடுகள் நீரருந்தும் குளம், இடுப்பளவு ஆழம். கரையில் மடக்கு மேசைகள் விரித்து இருபது பேர்வரை தத்தம் கப்பல்களைச் சீர் செய்துகொண்டிருந்தனர். வைத்தியர், லொறிச் சாரதி, கல்லூரி மாணவர் எனப் பலதரத்தினர். ஜேர்மனியரின் 'பிஸ்மார்க்', ஜப்பானியரின் 'நாகாட்டோ' முதலியன ஒரு பக்கம்; பிரித்தானியரின் 'வார்ஸ்பைட்', எமது 'டெக்ஸாஸ்' முதலியன மறுபக்கம். பார்வையாளராகிய எமக்கும் கண்காப்புக் கண்ணாடி தந்தார்கள். அதனை அணியாமற் கரையில் நிற்க எவருக்கும் அனுமதியில்லை. ஒவ்வொரு கப்பலையும் ஓடவிட்டு, மூலக் கப்பலின் வேகத்துக்கு ஏற்ற வேகமா என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தார்கள். முதியவர் இரு பீரங்கிகளிலும் ஐம்பது ஐம்பது குண்டுகள் நிரப்பினார். கை சற்று நடுங்கியதைக் கண்டோம்.

போர் தொடங்கியது. பீரங்கிகளின் ஓசை சோளம் பொரிவது போலக் கேட்டது. குண்டு தைத்த பல்சாத் தகடு 'டக்' என்று முறிந்தது. கப்பலை 144 பங்காகச் சுருக்கியவர்களால் நீரைச் சுருக்க முடியாதல்லவா? எமக்குச் சிற்றலையாகத் தோன்றியது அக்கப்பல்களின் மேற்றட்டில் ஏறி விழுந்தது. 'டெக்ஸாஸ்' முதலில் ஒதுங்கி ஒதுங்கி ஓடியது. பின்னர் 'பிஸ்மார்க்' ஒரு பக்கமும் 'நாகாட்டோ' மறு பக்கமுமாக அதனைக் கரையோரம் மடக்கின. முதியவரும் சளைக்காது சுட்டார். ஆனால் புதியவரின் கை. குண்டுகளிற் பல நீரையே துளைத்தன.

அனுபவசாலிகள் எதிரிக் கப்பலின் ஓட்டைகளைப் பார்ப்பதில்லை. அதன் பக்கத்திலிருந்து பம்பு வெளியே பீய்ச்சும் நீரைப் பார்க்கிறார்கள். அத்தாரை தடித்தால் உள்ளே வெள்ளம் என்று அறிந்து நெருங்குவார்கள். 'டெக்ஸாஸின்' தாரை ஈர்க்களவாகத் தொடங்கி, விரலளவாகத் தடித்து, வெள்ளிக் கம்பி போல ஒளிர்ந்தது. திடீரென அது அறுந்தது.

"தாத்தா, பம்பு!" என்று பேர்த்தி கூவினாள்.

நிலையங்கியில் விரலை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. கப்பலின் பின்பக்கம் தாழ்ந்தது. மேற்றட்டை நீர் மூடியது. ஒரு கணம் முன்மூக்கு மேலே நின்றது. பிறகு அதுவும் போயிற்று. நூலிற் கட்டிய செம்மஞ்சள் மிதவை மாத்திரம் மேலே வந்து ஆடியது. எட்டு மாத உழைப்பு முழுகிய இடத்தை அது காட்டி நின்றது. கரையிலிருந்தோர் கைதட்டினர். அது பரிகாசமன்று, முதன்முறை மூழ்கியவருக்கு அவர்கள் அளிக்கும் வரவேற்பு என்று பின்னர் அறிந்தோம்.

இடுப்பளவு நீரில் இறங்கி நூலைப் பிடித்துக் கப்பலைத் தூக்கி வந்தவர் வேறு யாருமல்லர், 'பிஸ்மார்க்கின்' தலைவரே. மேசைமீது வைத்து ஓட்டைகளை எண்ணினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே பட்டதற்குக் குறைந்த புள்ளி, மட்டத்திற் பட்டதற்கு அதிகம், கீழே பட்டதற்கு இன்னும் அதிகம். மேலே இருபத்திரண்டு, மட்டத்தில் ஐந்து, கீழே நான்கு. மேற்றட்டைக் கழற்றியபோது, பம்பின் வாயில் நகத்தளவு பல்சாத் துண்டு ஒன்று இறுகிக் கிடந்தது. குண்டு பட்டு உடைந்த கப்பலின் சொந்த மேனியே அதன் தொண்டையை அடைத்துவிட்டது.

முதியவர் அத்துண்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் பேர்த்தியை நோக்கி, "நீ சொன்னாய் பிள்ளை. நான் கேட்கவில்லை" என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்து உள்ளே ஈரம் ஒற்றத் தொடங்கினாள்.

அதன் பின் நடந்ததுதான் எம் மனத்திற் பதிந்தது. காலையிற் சுட்டவர்கள் யாவரும் அம்மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பித்தளை வலைத் துண்டு கொணர்ந்து பம்பின் வாய்க்கு வளைத்துக் கட்டினார். ஒருவர் ஓட்டைகளுக்குத் தாளும் பசையும் வைத்தார். வானொலிப் பெட்டி நீர் புகாத சிமிழுள் இருந்ததால் தப்பியது. பற்றரி மாற்றப்பட்டது. பிற்பகற் போருக்குச் சங்கு ஊதியபோது 'டெக்ஸாஸ்' மீண்டும் நீரில் நின்றது. இம்முறை நிலையங்கியை முதியவர் பேர்த்தியிடம் கொடுத்தார்.

அவள் ஓடி ஒளியவில்லை. சாதுரியமாகத் திரும்பித் திரும்பிச் சுட்டாள். அவளுக்கும் பட்டது, நன்றாகவே பட்டது. ஆனால் வெள்ளிக் கம்பி போன்ற அந்தத் தாரை இறுதிவரை அறவில்லை. மேற்றட்டை நீர் தொடும் நிலையில், ஒரு பக்கம் சாய்ந்தபடி, போர் முடியும் வேளையிற் கப்பல் கரை சேர்ந்தது. முதியவர் முழங்காலளவு நீரில் இறங்கி, குழந்தையை ஏந்துவது போல அதனை ஏந்தினார்.

திரும்பும் வழியில் நெடுநேரம் மௌனமாயிருந்தவர், சான் ஜசிந்தோத் தூபி தூரத்தே தெரிந்தபோது பேசினார். "ஐயா, அந்தக் கப்பல் இத்தனை வருஷம் மிதந்தது எங்கள் ஒட்டுவேலையால் என்றே எண்ணியிருந்தேன். இரவிரவாகப் பம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்ற காவலாட்கள் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களை நாங்கள் கணக்கில் எடுத்ததேயில்லை."

நாம் நாடு திரும்பிச் சில மாதங்களின் பின்னர், 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெரிய 'டெக்ஸாஸ்' உலர்துறையிலிருந்து இறங்கி மீண்டும் நீரில் மிதந்தது. தங்கை தொலைபேசியில் அச்செய்தியைச் சொல்லிவிட்டு, அயல்வீட்டுச் செய்தியொன்றையும் சேர்த்துச் சொன்னாள். அச்சிறுமி இப்போது தன் சொந்தக் கப்பல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறாளாம். உடலுக்குச் சாளரம் வெட்டும் முன்னமே, முதலில் பொருத்தியது பம்பும் அதன் வலையுமாம். பொருத்திக் கொடுத்தவர் தாத்தா.